கை கொடுத்த தோட்டம்

தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. நாலு நாளாகக் குனிந்து நிமிர்ந்து பெட்டி தூக்கிய வலி. கத்தரி பிடித்த விரல்கள் மடங்கவே மாட்டேன் என்றன. பத்தீஸ்த், முறுக்கிப் பிழிந்த துணிபோல் நின்ற கல்தூணில் சாய்ந்தான்.

"பெரியவரே, தூணத் தொடக் கூடாது," என்றாள் காவல்காரி.

"ஐந்நூறு வருஷமா நிக்குது. நான் சாஞ்சா விழுந்துடுமா?"

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. நகருங்க."

வலென்சியா நகரின் பழைய பட்டு வணிக மண்டபம் அது. எதிர்ச் சந்தைக்கு நாற்பது வருஷமாக வந்துபோகிறவன், டிக்கெட் வாங்கி உள்ளே நுழைந்தது இன்றுதான். ஆரஞ்சு மொத்த வியாபாரி பெராந்தீஸ், இரண்டு ஜெர்மன்காரர்களுக்கு மண்டபத்தைச் சுற்றிக்காட்ட வருகிறார் என்று கேள்விப்பட்டு, அவரைப் பிடிக்கத்தான் வந்திருந்தான்.

இருபது நாளுக்கு முன் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, கண்ணாலேயே எடை போட்டு, விலை பேசிக் கை கொடுத்துவிட்டுப் போனவர் பெராந்தீஸ். காகிதம் கிடையாது, கைதான் பத்திரம். அந்த நிமிஷம் முதல் பழம் வாங்கியவருடையது. அவருடைய ஆட்கள் வந்துதான் பறிக்க வேண்டும். அவர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை.

கை கொடுத்துவிட்டுத் தவறியவனை ஊரில் மறுபடி எவனும் நம்பமாட்டான். இன்றைக்கே முகத்துக்கு முகம் பேசித் தீர்த்தாக வேண்டும்.

பெராந்தீஸ், ஜெர்மன்காரர்களோடும் ஒரு வழிகாட்டிப் பெண்ணோடும் உள்ளே வந்ததும் பத்தீஸ்த் எதிரே போய் நின்றான். "முதலாளி, ஒரு வார்த்தை..."

"அடடே, பத்தீஸ்த்! இருய்யா, இதக் கேளு மொதல்ல."

வழிகாட்டிப் பெண் சுவரின் உச்சியில் ஓடிய பொன்னெழுத்துகளைக் காட்டினாள். "பேச்சுல சூது இல்லாம, குடுத்த வாக்க மீறாம இருக்கிற வியாபாரி செல்வத்துல கொழிப்பான்னு எழுதியிருக்காங்க."

"முதலாளி, அந்தத் தோட்டம்..."

"உஷ்!" என்றாள் அவள்.

பெராந்தீஸ் அவன் கையைப் பிடித்து இழுத்து, ஜெர்மன்காரர்கள் முன்னால் நிறுத்தினார்.

"எழுத்து எதுக்கு? இந்த ஆளப் பாருங்க! மழையில நான் போக முடியல. திட்டுவானேன்னு பயந்து போனும் எடுக்கல. நடுவுல விலை ஒன்றரை மடங்கு ஏறிப்போச்சு. ஊர்ல பாதிப் பேர் பல்டி அடிச்சுட்டானுங்க. இவன் ஒரு பழத்தத் தொட்டிருக்க மாட்டான்!"

ஜெர்மன்காரர்களில் ஒருவர் கைதட்டினார். மற்றவர் போட்டோ எடுத்தார்.

"நாளைக்குக் காலைல முப்பது ஆளோட வந்துடறேன். ஏறின விலையே வச்சுக்கோ, போதுமா? என்னய்யா, மூஞ்சி இப்படி வெளுக்குது?"

"வராதீங்க முதலாளி," என்றான் பத்தீஸ்த். "நானும் பொண்டாட்டியும் பறிச்சு, வேறொருத்தனுக்கு வித்துட்டோம். ஒரு தோட்டத்துப் பழம், உங்களுக்கு நான் கடன்பட்டிருக்கேன்."