ஓடாது சார்

"ஓடாது சார்" என்றார் வீட்டுக்கு வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

"ஓடாதா? சின்ன குறுக்கெழுத்து கேம்ங்க அது. கார் ரேஸா கேட்டேன்?"

"ரேம் பத்தாது சார். கிராபிக்ஸும் பழசு."

கேம் கேட்ட இவருக்குச் சுருக்கென்றது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் சரிபார்க்கிற வேலை. எரியாத கடையை எரிந்தது என்பவர்களையும், நல்ல காலில் கட்டுப் போட்டு வருபவர்களையும் தினமும் பார்க்கிற ஆள். பொய் சொல்கிறவன் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான் என்பது அவருடைய அனுபவம்.

அதுவும், போன் பேச இவர் வெளியே போகும்போது "சின்ன கேம்தானே, போட்டுடலாம் சார்" என்ற ஆள்தான். பத்து நிமிஷத்தில் பேச்சு மாறிவிட்டது!

விஷயம் இதுதான். அப்பாவுக்குப் பேப்பரில் வரும் குறுக்கெழுத்து என்றால் உயிர். போடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் இவர் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்பா, வஞ்சகம்னு அர்த்தம். நாலெழுத்து. 'சூ'ல ஆரம்பிச்சு 'சி'ல முடியுது. என்னவா இருக்கும்?"

"சூழ்ச்சிப்பா."

"அட ஆமா. உட்காரு, இன்னும் ரெண்டே ரெண்டு இருக்கு."

அந்த ரெண்டு தினமும் அரை மணி நேரத்தைத் தின்னும். கம்ப்யூட்டரில் கேமைப் போட்டுக் கொடுத்தால் அதுவே குறிப்பு கொடுக்கும், அதுவே விடையும் சொல்லும். விட்டது தொல்லை என்று நினைத்திருந்தார்.

"அப்போ புதுசுதான் வாங்கணுமோ?" என்று மெக்கானிக்கிடம் நூல் விட்டுப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க சார், பார்த்துக்கலாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு நழுவினார் மெக்கானிக்.

'பார்த்துக்கலாமாம். நாளைக்கே புது மாடலோட வந்து நிப்பான் பாரு' என்று மனசுக்குள் கறுவினார் இவர்.

மறுநாள் ஆபீஸில், கம்ப்யூட்டர் பிரிவு நண்பரிடம் தன் கம்ப்யூட்டர் விவரங்களைப் போட்டோவில் காட்டினார்.

"இதுல அந்த கேம் ஜம்முனு ஓடுமே. யாரு சொன்னது ஓடாதுன்னு? உங்க காதுலயே பூ சுத்திட்டானா?" என்று சிரித்தார் நண்பர்.

அவ்வளவுதான். இவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெக்கானிக்கை போனில் பிடித்தார்.

"ஏன்யா, என்கிட்டயே கதை விடறியா? எல்லாம் சரியா இருக்குங்கறாங்க. புதுசைத் தலையில கட்டலாம்னு பார்த்தியா?"



"ஓடும் சார். நான் சொன்னது பொய்தான்."

"அப்படி வா வழிக்கு. யாரு சொல்லிக் கொடுத்தது?"

"உங்கப்பாதான் சார். நீங்க போன் பேசப் போனப்போ வந்து, 'ஓடாதுன்னு சொல்லிடுப்பா'ன்னு கெஞ்சினார்."

"அப்பாவா? ஏனாம்?"

"நானும் அதான் கேட்டேன். 'கட்டம் முழுசையும் காலையிலயே போட்டு முடிச்சுடுவேன்பா. சாயங்காலம் அவன் வர்ற நேரத்துக்கு நாலஞ்சை ரப்பரால அழிச்சு வைப்பேன். தெரியாத மாதிரி கேட்டாத்தான் என் பையன் பக்கத்துல வந்து உட்கார்றான்'னார் சார்."