பைக்குள் இருந்த சிலுவை

"இது யாருடையது?"

டானியலின் உள்ளங்கையில் சின்ன வெள்ளிச் சிலுவை ஒன்று கிடந்தது.

ஜன்னலோரக் கதிரையில் அவருடைய அப்பா வோல்ட்டர் இருந்தார். வயது தொண்ணூற்றொன்று. வியன்னாவிலிருந்து இங்கிலாந்துக்குத் தப்பி ஓடி, பிரிட்டிஷ் படையில் சேர்ந்து, போர் முடிந்தபின் மெல்பேர்னுக்கு வந்த யூதர்.

அவர் நெற்றியிலும் கையிலும் கட்டிப் பிரார்த்திக்கும் சின்னத் தோல்பெட்டிகள் இரண்டு. உள்ளே வேத வரிகள். அவற்றை யூத ஆலயத்துக் கண்காட்சிக்கு எடுத்துப்போக மகன் வந்திருந்தார். அவை இருந்த வெல்வெட் பையைக் கவிழ்த்தபோது இந்தச் சிலுவையும் சேர்ந்து விழுந்தது.

வோல்ட்டரின் உதடு அசைந்தது. பயந்த கண்களோடு மகனைப் பார்த்தார்.

"என்னுடையது," என்றாள் சிவனேஸ்வரி. அவரைப் பராமரிக்க வாரத்தில் மூன்று நாள் வருபவள்.

"என் அப்பாவின் புனிதப் பொருளுக்குள் உங்கள் மதத்தைத் திணிக்கிறீர்களா?"

"மன்னிக்க வேணும்."

"இனி நீங்கள் இங்கே வர வேண்டாம்."

மத்தியானம் மல்கிரேவிலுள்ள பராமரிப்பு நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். மேலாளர் பிரியதர்சினி கதவைச் சாத்தினாள்.

"அன்ரி, அந்த ஐயாவை மதம் மாத்தப் பாத்தியள் எண்டு கொம்ப்ளெயின்ற் வந்திருக்கு."

"ம்."

"நீங்கள் சைவம். வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தொடாத ஆள். உங்களிட்டை ஏது சிலுவை?"

சிவனேஸ்வரி மேசையிலிருந்த பேனையை எடுத்தாள்.

"விசா இன்னும் சரிவரேல்லை. இந்தக் கெட்ட பேரோடை உங்களுக்கு வேறை ஆர் வேலை தருவினம்?"

"ஓம் எண்டு எழுதுங்கோ பிள்ளை. நான் கையெழுத்து வைக்கிறன்."

அப்போது போன் அடித்தது. டானியல். பிரியதர்சினி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்."

போரின்போது பிரான்ஸுக்குக் கப்பல் ஏறுமுன், டொம் என்ற ஆங்கிலேயச் சிப்பாய் தன் சிலுவையைக் கழற்றி வோல்ட்டரின் கழுத்தில் போட்டானாம். தோல்பெட்டிகளை வாங்கித் தன் முதுகுப்பைக்குள் வைத்துக்கொண்டானாம். ஜெர்மன்காரர் பிடித்தாலும் நண்பன் யூதன் என்று தெரியக்கூடாது. மூன்றாம் கிழமை டொம் செத்துப்போனான். பெட்டிகள் மட்டும் வோல்ட்டரிடம் திரும்பி வந்தன; சிலுவையை அவற்றோடே ஒளித்து வைத்துக்கொண்டார்.

"போர் முழுக்க அந்தப் பெட்டிகளை ஒருநாளும் பிரியவில்லை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார். அதை நான் ஆலயத்தில் எத்தனையோ தடவை பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் சிலுவை போட்டதை என்னிடம் சொல்லப் பயந்திருக்கிறார்."

அடுத்து டானியல் கேட்டுக்கொண்டார்.

"சிவனேஸ்வரியை நாளைக்கே வரச் சொல்லுங்கள். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்."

பிரியதர்சினி போனை வைத்தாள்.

"கிழவர் உங்களுக்கு முதலே சொல்லியிருக்கிறார் என்ன? அதுதான் பழியை நீங்கள் ஏத்துக்கொண்டனீங்கள்."

"இல்லைப் பிள்ளை. இந்தக் கதையை நானும் இப்பத்தான் கேக்கிறன்."

"அப்ப ஏன் உங்கடை எண்டு சொன்னனீங்கள்?"

"அவரின்ரை முகத்தைப் பாத்தன். எண்பத்துமூண்டுக் கலவரத்திலை கொழும்பிலை தமிழரைத் தேடி பஸ்ஸை மறிச்சாங்கள். என்ரை அம்மா பொட்டை அழிச்சுப்போட்டு, சிங்களத்தி எண்டு சொல்லிக்கொண்டு நிண்டவ. அதே முகம்."