கடைசி வரியில் மூன்று தட்டு

டொக்... டொக்... டொக்.

சுவர் மூன்று முறை அதிர்ந்தது. பாடிக்கொண்டிருந்தவன் சட்டென்று வாயை மூடினான். கிதார்க் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி, ரெக்கார்டிங்கை நிறுத்தினான்.

"போச்சு. இதோட பதினோராவது தடவை!"

பதில் சொல்ல அறையில் யாரும் இல்லை. ஜன்னலில் கம்பளி தொங்கியது. கதவில் மெத்தை சாய்ந்திருந்தது. மைக்கில் இரைச்சல் விழும் என்று மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் நிறுத்தியிருந்ததால், தாடியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகக் கிதார் மேல் விழுந்தது.

அவனுடைய முதல் ஆல்பம் அது. பக்கவாத்தியம் கிடையாது, கோரஸ் கிடையாது. ஒரு கிதார், ஒரு குரல். நாட்டுப்புற மெட்டில் ப்ளூஸ் இசையின் சோகத்தைக் குழைத்து, அவனே எழுதி அவனே மெட்டமைத்த பத்துப் பாட்டு. ஒன்பது முடிந்துவிட்டது. பத்தாவதுக்குத்தான் இந்தச் சுவர் வழிவிட மறுத்தது.

செல்போன் அதிர்ந்தது. மைக்கை இரவல் கொடுத்திருந்த சவுண்டு சர்வீஸ் நண்பன்.

"டேய் தாடி, அஞ்சு மணிக்கு மைக் என் கைக்கு வந்தாகணும். இன்னிக்கு வண்டி ஏறினா, நான் திரும்பி வர ரெண்டு மாசம் ஆகும்."

"ஒரே ஒரு பாட்டுதான்டா பாக்கி..."

"அனுப்பின ஒன்பதையும் கேட்டேன். காதுல ரகசியம் சொல்ற மாதிரி என்னமா பாடியிருக்க! காலேஜ்ல தொண்டை கிழியக் கத்துவியே, இந்த ஸ்டைலை எங்கடா புடிச்ச?"

"எங்க வீட்டுச் சுவரைக் கேளு, சொல்லும்."

நண்பன் சிரித்துவிட்டு வைத்தான். ஆனால் சுவரைப் பற்றித் தாடிக்காரன் சொன்னது நிஜம்.

அவன் வீடும் பின்வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. பின்வீட்டுக்கு வாசல் அடுத்த தெருவில். எட்டு மாதமாகியும் அங்கே இருப்பவரின் முகத்தை அவன் பார்த்ததில்லை. தட்டல் மட்டும்தான் பழக்கம். சொல்லப்போனால் இந்த ஊரில் தினமும் தவறாமல் அவனைத் தேடி வந்தது அது ஒன்றுதான்.

குடிவந்த அன்றே ஹவுஸ் ஓனரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். "சத்தம்னு ஒரே ஒரு புகார் வந்தாலும் பெட்டியைக் கட்டிடணும் தம்பி. உங்களுக்கு முன்னாடி இருந்தவர் அப்படித்தான் போனார்."

எனவே ஒவ்வொரு தட்டலுக்கும் அவன் குரலைக் கொஞ்சம் இறக்கினான். நண்பன் மெச்சிய அந்த ஸ்டைல், பயத்தில் பிறந்த ஸ்டைல்.

ஒரே ஒரு நாள்தான் தட்டல் வரவில்லை. அவன் காதலித்தவளின் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்த அன்று. பயத்தையெல்லாம் மறந்து, தெருவே கேட்கும்படி ஒரு மணி நேரம் பாடித் தீர்த்தான். நல்லவேளை, பின்வீட்டில் அன்றைக்கு ஆளில்லை போலிருக்கிறது என்று பிறகு நினைத்துக்கொண்டான்.

இப்போது பத்தாவது பாட்டின் கடைசி வரியில் வந்து நிற்கிறது வம்பு. 'ஊரெல்லாம் காதிருக்கு, என் பாட்டைக் கேட்க ஆளிருக்கா?' குரல் தேய்ந்து வெறும் மூச்சாகும் அந்த இடத்தில்தான், ஒவ்வொரு தடவையும், டொக் டொக் டொக்.

மணி மூன்றரை. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தான்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும்.

"உங்க பின்பக்கத்து வீடுங்க... கிதார்..." என்று இழுத்தான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "அண்ணே! அந்தப் பாட்டுக்காரர் வந்திருக்கார்!" என்று வீடே அதிரக் கத்தினாள்.

சுவரை ஒட்டி ஒரு கட்டில். இடுப்புவரை போர்வையோடு சாய்ந்திருந்தார் அண்ணன். "முப்பது வருஷம் லாரி ஓட்டினவரு. ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் இந்தக் கட்டில்தான்" என்றாள் தங்கை. அவர் கையில் விளிம்பு நசுங்கிய எவர்சில்வர் டம்ளர். தலைமாட்டுச் சுவரில் ஒரே இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து குழி விழுந்திருந்தது.

"எட்டு மாசமா மத்தியானமானா என் உயிரை வாங்கற ஆளு நீதானா?"

அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. ஓனரம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நாளையிலேருந்து கிதாரைத் தொடவே மாட்டேன். இன்னிக்கு ஒரே ஒரு பாட்டு... நாலே நிமிஷம் தட்டாம இருந்தீங்கன்னா போதும்."

"என்னது?"

தங்கை அவர் காதருகே குனிந்தாள். "தட்ட வேண்டாம்னு சொல்றாருண்ணே!"

பெரியவரின் முகம் வாடிவிட்டது. டம்ளரை மெல்ல மடியில் வைத்தார்.

"அப்ப கொஞ்சம் சத்தமாப் பாடு தம்பி... கடைசி வரி கேட்கவே மாட்டேங்குது!"