முன் வரிசைச் சந்தேகம்

"பெரியவரே, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு இந்தச் சந்தேகம்?"

பின் வரிசையிலிருந்து வெல்டர் கேட்டதும் பஸ் பணிமனையின் சாப்பாட்டுக் கூடமே குலுங்கிச் சிரித்தது.

முன் வரிசையில் எழுந்து நின்ற பெரியவர் அசரவில்லை. வெளுத்த காக்கிச் சட்டையைப் பார்த்து, ஓய்வுபெற்ற டிரைவர் யாரோ என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். சிரிப்பு அடங்கும்வரை, பரிசு வாங்க வந்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

எதிரே மைக்கோடு நின்ற டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தொழிலாளர்களுக்கு உடல்நலம் பற்றிப் பேச நிர்வாகம் அவரை அழைத்திருந்தது. கைப்பழக்கம், அதாவது சுயஇன்பம் பற்றி உலவும் கட்டுக்கதைகள்தான் இன்றைய விஷயம். பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போடலாம் என்று அவர் வைத்த பெட்டியில் வெற்றுத் தாள்களே விழுந்திருந்தன. ஒன்றில் மட்டும் 'டீ எப்போது?' என்றிருந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிரேக் ஃபிட்டருக்கும் சிரிப்பு வரவில்லை. அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். கைப்பழக்கம் உள்ளவன் உள்ளுக்குள் உளுத்துப்போவான், குடும்பத்துக்கு லாயக்கில்லை என்று யாரோ சொன்னதை மனசில் போட்டுக் குமைந்து, ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்திருந்தான். ஷிஃப்ட் முடிந்ததும் அண்ணனிடம் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்திவிடுவதாக இருந்தான். டாக்டரிடம் கேட்கலாம்தான். ஆனால் வெல்டர் காதில் விழுந்தால், வேலையை விட்டுப் போகும்வரை பட்டப்பெயர் ஒட்டிக்கொள்ளும்.

கைப்பழக்கத்தால் உடம்பு தேயுமா என்று தொடங்கிய பெரியவர் கேட்டுக்கொண்டே போனார். ஒரு சொட்டு விந்து பல சொட்டு ரத்தத்துக்குச் சமமாமே என்றார். பார்வை மங்குமா, ஞாபகம் போகுமா, கன்னம் ஒட்டுமா, பரு வருமா என்றார். ஒவ்வொரு கேள்விக்கும் கூடம் சிரித்தது. ஆனால் பதில் வரும்போது தட்டு நகரும் சத்தம்கூட இல்லை.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். விந்துக்கும் ரத்தத்துக்கும் அப்படி ஒரு கணக்கே கிடையாது, உடம்பு அதைத் தொடர்ந்து தானே தயாரித்துக்கொள்கிறது. பார்வையும் போகாது, ஞாபகமும் போகாது, கன்னமும் ஒட்டாது. பரு, ஹார்மோன் செய்கிற வேலை. பெண்களும் செய்வதுதான் என்றபோது வெல்டரே கழுத்தை நீட்டிக் கேட்டான். வேலைவெட்டியை மறக்கடிக்கும் அளவுக்குப் போனாலோ, வலியோ காயமோ இருந்தாலோ மட்டும் டாக்டரைப் பாருங்கள் என்றார்.

உட்காரப் போன பெரியவர் மறுபடி நிமிர்ந்தார்.

"கடைசியா ஒண்ணு, டாக்டரம்மா. இந்தப் பழக்கம் இருக்கற ஆம்பளை கல்யாணம் பண்ணிக்கலாமா? பொண்டாட்டியோட ஒழுங்கா வாழ முடியுமா, குழந்தை பிறக்குமா?"

"பொண்ணு பாத்தாச்சா, பெரியவரே?" என்றான் வெல்டர்.

ஃபிட்டர் டாக்டரம்மாவின் பதிலுக்காக முன்னால் சாய்ந்தான்.

"தாராளமா பண்ணிக்கலாம், ஐயா. இதனால ஆண்மை போகாது, குழந்தை பிறக்கறதும் தடைப்படாது. நான் லாயக்கில்லைன்னு நடுங்கிக்கிட்டே போனா, அந்த நடுக்கம்தான் காரியத்தைக் கெடுக்கும். அப்படிப் பயந்துக்கிட்டு யாராவது கல்யாணத்தை நிறுத்தறதா இருந்தா, முதல்ல என்னை வந்து பாக்கச் சொல்லுங்க."

கூட்டம் கலைந்தது. ஃபிட்டர் அண்ணனுக்குப் போன் செய்து, கல்யாணச் சட்டை எடுக்க எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டான். இத்தனை நாளாக எங்கே போயிருந்தது இந்தக் குரல் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாசலில் பெரியவர் தனியாக நின்றிருந்தார். ஃபிட்டர் அவரிடம் போனான்.

"ஐயா, அத்தனை பேர் சிரிச்சும் நீங்க விடலை. எனக்காகவே கேட்ட மாதிரி இருந்துச்சு. அந்தத் தைரியம் எனக்கு இல்லாமப் போச்சே."

"சிரிச்சவன் எல்லாம் பதிலைக் கேட்டான் இல்லையா? அது போதும் தம்பி."

அப்போது ஒரு கார் வந்து நின்றது. ஓட்டிவந்த டாக்டரம்மா குனிந்து இந்தப் பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுங்கப்பா. நாளைக்குத் துறைமுகத்துல கூட்டம். அந்தக் கன்னம் ஒட்டற கேள்வி மட்டும் கொஞ்சம் அதிகம், விட்டுடுங்க."

திகைத்து நின்ற ஃபிட்டரின் தோளைப் பெரியவர் தட்டிக்கொடுத்தார்.

"எம்பொண்ணு, தம்பி," என்றார் பெருமை பொங்க. "நானும் டாக்டராத்தான் இருந்தேன்; அந்த நாற்காலியில உக்காந்திருந்த காலம் பூரா ஒருத்தர்கூட என்கிட்ட இதைக் கேக்கலை. அதான் இவ பேசற இடத்துல எல்லாம் நானே போய்க் கேட்டுடறேன்."