முப்பத்தாறு படிகள்

இருபத்திரண்டு.

கைப்பிடியைத் தொடக்கூடாது. தொட்டால் செல்லாது. அவராகப் போட்டுக்கொண்ட சட்டம்.

ஒரு மாடிக்குப் பதினெட்டுப் படிகள். வீடு இரண்டாவது மாடியில். கையில் ஒரு கீரைக்கட்டு. யாராவது பார்த்தால் கடைக்குப் போய்வந்த மாதிரி இருக்கும். எடையும் இல்லை.

இருபத்து மூன்று.

கீழே முதல் மாடி டேவிட் கதவைத் திறந்து அண்ணாந்து பார்த்தார். "லிஃப்ட் ஓடுதுங்களே சார்!"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பேச்சுக்குச் செலவழிக்க மூச்சு இல்லை.

மார்கழியில் இதே படிகளில் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கியவர் டேவிட்தான். அன்று அறையில் அவரும் மனைவியும் மட்டும் இருந்தார்கள். நெருங்கியிருந்த நேரத்தில் அவருக்கு மூச்சு அடைத்துவிட்டது. உதடு நீலமாகிவிட்டது. அவள் புடவையை அள்ளிச் சுற்றிக்கொண்டு, கதவைத் திறந்து கத்தினாள். பக்கத்து வீடுகள் எல்லாம் வந்து நின்றன.

முப்பது வருடம் மில்லில் விழுங்கிய பஞ்சுத் தூசு நுரையீரலைத் தின்றது போதாதென்று, அன்று மானத்தையும் வாங்கியது.

அதன்பிறகு அவள் தலையணை கூடத்துக்குப் போய்விட்டது. பேசுகிறாள். சிரிக்கிறாள். வேளை தவறாமல் மருந்து தருகிறாள்.

தொடுவதில்லை.

மாத்திரையைக்கூடக் கையில் கொடுக்காமல் தட்டில் வைக்கிறாள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

இருபத்தொன்பது.

போன வாரம் அவள் மருந்து வாங்க வரிசையில் நின்றபோது டாக்டரிடம் கேட்டுவிட்டார். அறுபத்தொரு வயதில், காது சிவக்கக் கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"ரெண்டு மாடி நிக்காம ஏறிப் பாருங்க. முடிஞ்சா பயப்பட வேண்டாம்."

இது நாலாவது நாள்.

முப்பத்தொன்று. நெஞ்சுக்குள் விசில் சத்தம்.

முப்பத்திரண்டு.

முப்பத்து மூன்று.

கால் நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கை போய்க் கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. கீரைக்கட்டு விழுந்தது. அப்படியே படியில் உட்கார்ந்தார்.

மூன்றே படி. அழுகை முட்டியது. அழுவதற்கும் மூச்சு வேண்டும்.

நிமிர்ந்தார்.

மேலே அவள் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. கையில் அவருடைய இன்ஹேலர்.

கத்தப் போகிறாள் என்று நினைத்தார். மறுபடியும் எல்லோரும் வருவார்கள்.

அவள் இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இன்ஹேலரை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அந்தக் கையைச் சேர்த்துப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். அவர் இழுத்தார். மறுபடி இழுத்தார்.

மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. அவள் கையை எடுக்கவில்லை.

"நாலு நாளாத் தெனமும் கீரை வாங்குனா எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள், சுவரைப் பார்த்தபடி. "எதுக்கு ஏறறீங்கன்னும் தெரியுமுங்க. நானும் ஆஸ்பத்திரி நர்ஸம்மாகிட்டக் கேட்டனுங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"நின்னு நின்னு ஏறலாமாம்."

மூன்று படிகள். ஒவ்வொன்றிலும் நின்றார்கள்.

பகல் பதினொரு மணி. உள்ளே வந்ததும் அவள் கதவைத் தாழிட்டாள். கூடத்தில் இருந்த தலையணையை எடுத்துக்கொண்டாள்.