ஓட்டிவிட வேண்டிய காட்சி

"அந்த ஒரு சீனை மட்டும் காட்டாம வேகமா ஓட்டி விட்டுடலாம். யாருக்கும் நஷ்டமில்லை" என்றார் நைஜல்.

மன்றத்தில் கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த பெரில் மட்டும் ஆட்டவில்லை.

இங்கிலாந்தில், ஷெஃபீல்டு நகரத்தின் அந்தப் பேட்டைக்காரர்களுக்கு மன்றத்தில் கூடி இந்தப் படத்தைப் பார்ப்பது வருடம் தவறாத சடங்கு. அணுகுண்டு விழுந்தால் ஓர் ஊர் என்ன கதியாகும் என்று நாற்பது வருடங்களுக்கு முன்பு தொலைக்காட்சிக்காக எடுத்த படம். எடுத்ததும் இதே ஊரில்தான், நடித்த கூட்டமும் இந்த ஊர் ஜனங்கள்தான். அதனால் முதல் அரைமணி நேரம் ஒரே கும்மாளமாக இருக்கும். எப்போதோ இடித்துத் தள்ளிய பழைய மார்க்கெட் திரையில் வந்தால், அதோ நம்ம மீன்கடை என்று பெரியவர்களே எழுந்து நின்று காட்டுவார்கள். குண்டு விழுந்த பிறகு பேச்சு மூச்சு இருக்காது.

போன வருடம் விஷயம் எல்லை மீறிவிட்டது. பள்ளிக்கூட முற்றத்தில் குழந்தைகள் செத்துக் கிடக்கும் காட்சி வந்ததும் ஒரு கர்ப்பிணி மயங்கிச் சரிந்தாள். லாரி ஓட்டும் ஆஜானுபாகுவான ஆள் ஒருவர் வெளியே ஓடிப்போய், கார் நிறுத்துமிடத்தில் நின்று விக்கி விக்கி அழுதார். நர்ஸ் ட்ரூடியின் மகளோ ஒரு வாரம் படுக்கையறை விளக்கை அணைக்க விடவில்லை. ட்ரூடி நேராக மன்றச் செயலாளர் நைஜலிடம் சண்டைக்கே வந்துவிட்டாள். அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

"முழுசாவே போடுங்க" என்றாள் பெரில்.

எழுபதைத் தாண்டிய பெரில் யார் வம்புக்கும் போகாதவள். அவளா இப்படிப் பேசுகிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ட்ரூடிக்குப் பொறுக்கவில்லை. "போன வருஷம் நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன் பெரில். அந்த சீன் வந்தப்ப நாங்க எல்லாரும் கண்ணைப் பொத்திக்கிட்டோம். நீங்க முன்னாடி சாய்ஞ்சு பாத்தீங்க. சிரிக்க வேற செஞ்சீங்க."

நைஜலுக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. வேண்டுமானால் படத்தின் டிஸ்க்கைத் தருவதாகவும், வீட்டில் எத்தனை முறை வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லிப் பெரிலைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்.

"வீட்டு டிவி சின்னது கண்ணு. அதுல சரியாத் தெரியாது."

"என்ன தெரியணும் உங்களுக்கு? செத்த குழந்தைங்க பெருசாத் தெரியணுமா?" என்றாள் ட்ரூடி.

இதற்குமேல் போனால் விபரீதம் என்று நைஜல் எல்லோருக்கும் தேநீர் ஊற்றச் சொன்னார். குடித்து முடித்ததும், காட்சியை ஓட்டிவிடலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. பெரில் கைகளை மடியில் கோத்துக்கொண்டு வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க நைஜலுக்கே பாவமாக இருந்தது. இத்தனை பேரை எதிர்த்து அந்தக் காட்சியைக் கேட்பதற்கு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

பெரில் வெறும் திரையை நோக்கிக் கை நீட்டினாள்.

"கேட் பக்கத்துல, நீல ஸ்வெட்டர் போட்டுக் கிடக்கிறானே, அவன் என் ராபின். அப்ப அவனுக்கு அஞ்சு வயசு. படம் டிவியில வர்றதுக்குள்ள மூளைக்காய்ச்சல் வந்து போயிட்டான்."

தூக்கிய கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ட்ரூடி எழுந்து வந்து பெரிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன.

"பெத்த புள்ள செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கிறதை எப்படி பெரில் உங்களால பாக்க முடியுது?"

"என்கிட்ட இருக்கிறதெல்லாம் அசையாத போட்டோ" என்றாள் பெரில். "அன்னிக்கு எல்லாப் பிள்ளைங்களையும் மூச்சை அடக்கிக்கிட்டுக் கிடக்கச் சொன்னாங்க. அவனுக்கு மட்டும் அது வரலை. பெரிய திரையில நல்லா உத்துப் பாத்தா, என் புள்ளையோட வயிறு ஏறி எறங்குறது தெரியும்."