நடுவில் இருந்த களிமண்

மார்ச் மூன்றாம் தேதி காலை பத்து மணிக்கு, வீடு கட்டலாமா என்று சோதிக்க மலைச்சரிவில் துளை போட்டு எடுத்த இரண்டு கல்துண்டுகள் மாதிரிப் பெட்டிக்கு வந்தன. மேலிருந்து வந்தவன் செவலை, அடியிலிருந்து வந்தவன் கருப்பன். இருவருக்கும் நடுவே ஒரு முழத்துக்கு இருந்த களிமண்ணை, துளை போடும்போது விட்ட தண்ணீர் கரைத்துக்கொண்டு போயிருந்தது. பெட்டியில் இடம் வீணாகிறதே என்று துளை போட்டவர் இருவரையும் நெருக்கித் தள்ளினார்.

"ஏண்டா ஒட்டுறே? தள்ளிப் படுடா!" என்று பதறினான் கருப்பன். "நடுவுல வழுக்குற மண்ணு இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? மேலே வீடு கட்டப்போறாங்கடா."

"தள்ளிப் படுக்க எனக்கென்ன கை காலா இருக்கு?" என்றான் செவலை.

பொறியாளர் குனிந்து பார்த்தார். "ஒரே பாறைதான். தாராளமா கட்டலாம்."

கருப்பன் கத்தினான். பெட்டியை மூடினார்கள்.

மறு வருடம் நவம்பர் பதினொன்றாம் தேதி, மழையில் அந்தச் சரிவு வீடுகளோடு வழுக்கி இறங்கியது. நாற்பத்தொரு பேர் இறந்தார்கள்.